ஆறு நாவல்களும் காத்திருக்கும் பெண்களும்



"கவலையை மறக்கவா கதைப்புத்தகம் வாசிக்கிறது, கவலையை விளங்கிக்கொள்ளவா?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். சோகக் கதையை எடுத்தால் இரவில் நித்திரை வருவதில்லையாம். சந்தோஷமான கதையை எடுத்தால் அது பொய்யாகத் தெரிகிறதாம்.

இரண்டுக்கும்தான் என்பது என் பதில். நாங்கள் எல்லா நாளும் ஒரே சாப்பாடா சமைக்கிறோம்? காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, வயலுக்குப் போகிறவருக்குச் சோறு. மனம் களைத்துப்போன நாளுக்கு ஒரு துப்பறியும் கதை போதும். மனம் கொஞ்சம் திடமாக இருக்கிற நாளில் கனமான நாவலைக் கையில் எடுக்கலாம். அதனால் இம்முறை ஒரே வகையை எழுதாமல், கடந்த சில மாதங்களில் நான் வாசித்த ஆறு நாவல்களைப் பற்றி எழுதுகிறேன். ஆறும் ஆறு வகை. சில நூல்நிலையத்தில் எடுத்தவை, சில இரவல் வாங்கியவை. நான் விமர்சகி அல்ல. வாசிக்கிற ஒருத்தி, அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தோடு நீங்கள் ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் எந்த வகையாக இருந்தாலும் அதற்குள் ஒரு பெண் யாருக்காகவோ காத்திருக்கிறாளா என்று நான் தேடிப் பார்ப்பேன். யுத்தம் எங்களில் பலருக்குத் தந்த பழக்கம் இது. அவளைக் கண்டுபிடித்த பிறகு இரண்டு கேள்விகள் கேட்பேன். காத்திருந்த காலத்தில் அவள் என்ன செய்தாள்? அவளுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்? இந்த ஆறு நாவல்களிடமும் அதைத்தான் கேட்டேன்.

துப்பறியும் நாவல்: பாஸ்கர்வில் வேட்டைநாய்

ஆர்தர் கொனன் டொயில் எழுதிய இந்த நாவல் 1901, 1902ஆம் ஆண்டுகளில் லண்டனில் ஒரு சஞ்சிகையில் தொடராக வந்தது. ஷெர்லொக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரின் கதை. இங்கிலாந்தின் தென்மேற்கே ஒரு பெரிய வனாந்தரவெளி. அங்கே ஒரு பணக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்தவரைப் பேய்நாய் ஒன்று துரத்திக் கொல்வதாக ஊரில் கதை. பேயா, மனிதனா என்று கண்டுபிடிப்பதுதான் நாவல். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது.

ஆனால் என் மனதில் நின்றது நாய் அல்ல. அந்த மாளிகையில் இரவில் ஒரு பெண் விம்மி அழும் சத்தம் கேட்கிறது. வேலைக்காரருடைய மனைவிதான் அழுகிறாள். அவளுடைய கணவன் நள்ளிரவில் மெழுகுதிரியோடு யன்னலருகில் போய் நின்று வெளியே பார்க்கிறான். எல்லாருக்கும் அவர்கள்மேல் சந்தேகம். கடைசியில் பார்த்தால், சிறையிலிருந்து தப்பி அந்த வெளியில் ஒளிந்திருக்கும் கொலைகாரன் அவளுடைய தம்பி. அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியத்தான் அந்த வெளிச்சம். எதிரில் இன்னொரு வெளிச்சம் தெரிந்தால் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பிறகு அவன் இறந்துபோன செய்தி வருகிறது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அவள் மட்டும் அழுகிறாள். உலகத்துக்கு அவன் கொடியவன். அவளுக்கோ கையைப் பிடித்துக்கொண்டு திரிந்த சின்னப் பையன்.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். யார் சரி யார் பிழை என்று உலகம் தீர்த்துவிடும். சாப்பாட்டைப் பொதிசெய்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நிற்பவளிடம் அந்தத் தீர்ப்பு எடுபடுவதில்லை.

இன்னொரு பெண்ணும் இதில் வருகிறாள். அவளுடைய கணவன் ஊருக்கு அவளைத் தன் சகோதரி என்று சொல்லி வைத்திருக்கிறான். தன் சூழ்ச்சிக்கு அவளைத் தூண்டிலாகப் பயன்படுத்துகிறான். அவளை அடிக்கிறான், கட்டி வைக்கிறான். இத்தனை பயத்துக்குள்ளும், பத்திரிகையிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டி, உயிராபத்தில் இருக்கும் ஒருவருக்கு இரகசியமாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறாள். இந்தக் கதையில் துணிச்சலானவர் யார் என்று கேட்டால் ஷெர்லொக் ஹோம்ஸ் என்பார்கள். நான் அவளைத்தான் சொல்வேன்.

துப்பறியும் கதைகளைத் தரக்குறைவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. அவற்றில் கடைசிப் பக்கத்தில் பதில் கிடைக்கும். யார் செய்தது, எப்படிச் செய்தது, ஏன் செய்தது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்வார். வருடக்கணக்காக ஒரு கேள்விக்கும் பதில் கிடைக்காத வீடுகளில் இப்படியான புத்தகம் ஓர் இரவுக்காவது ஆறுதல்.

சரித்திர நாவல்: சிவகாமியின் சபதம்

கல்கியின் இந்த நாவலை இளவயதில் வாசித்தவர்கள் எங்களில் பலர் இருப்பீர்கள். 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் இப்போது பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. ஆகையால் கிடைப்பது கடினமல்ல.

கதை தெரிந்ததுதான். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, நடனத்தில் சிறந்தவள். பல்லவ இளவரசன் நரசிம்மன் அவள்மேல் அன்பு வைக்கிறான். சாளுக்கிய மன்னன் புலிகேசி படையெடுத்து வந்து, திரும்பும்போது அவளை வாதாபிக்குச் சிறைகொண்டு போகிறான். அந்த நகரம் எரிந்தாலொழிய அங்கிருந்து வரமாட்டேன் என்று அவள் சபதம் செய்கிறாள். நரசிம்மன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் போக மறுக்கிறாள். ஆண்டுகள் கழிந்து அவன் பெரும்படையோடு வந்து வாதாபியை அழிக்கிறான். சரித்திரத்தில் இது கி.பி. 642ஆம் ஆண்டளவில் நடந்தது. ஊர் திரும்பிய சிவகாமி, அவனுக்கு வேறொருத்தியோடு கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருப்பதைக் காண்கிறாள். தன் கலையை இறைவனுக்கே அர்ப்பணித்துவிடுகிறாள்.

இளவயதில் இதை வாசித்தால் சபதம்தான் பெரிதாகத் தெரியும். இப்போது வாசிக்கும்போது எனக்கு இரண்டு விடயங்கள் உறுத்தின. முதலாவது, சிவகாமி காத்திருந்த அத்தனை ஆண்டுகளும் வெளியில் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. நரசிம்மன் அரசனாகிறான், கல்யாணம் செய்கிறான், தகப்பனாகிறான். அவளுக்கு மட்டும் காலம் நின்றுவிட்டது. காத்திரு என்று ஒரு பெண்ணைப் புகழ்பவர்கள், அவள் காத்திருக்கும் காலத்தில் தங்கள் வாழ்க்கையை நிறுத்தி வைப்பதில்லை. இரண்டாவது, வாதாபி எரிந்தபோது அதற்குள்ளும் பெண்கள் இருந்தார்கள். அடுப்பில் உலை வைத்தவர்கள், தொட்டிலை ஆட்டியவர்கள். ஷெல்லடிக்குள் பதுங்குகுழியில் இருந்து எழும்பி வந்த எங்களுக்கு, ஒரு நகரம் எரிவதை வெற்றி என்று வாசிக்க முடியவில்லை.

கல்கிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் படையை நடத்திய பரஞ்சோதி, போருக்குப் பிறகு வாளைக் கைவிட்டுச் சிவத்தொண்டுக்குப் போகிறார். பெரியபுராணத்தில் வரும் சிறுத்தொண்ட நாயனார் அவர்தான். வென்றவனே வாளை வைத்துவிட்டுப் போகிறான் என்பதை மறக்காமல் வாசித்தால் இந்த நாவல் இன்னும் ஆழமாகத் தெரியும்.

விஞ்ஞான நாவல்: என் இனிய இயந்திரா

சுஜாதாவின் இந்த நாவலைப் பிள்ளைகளுக்கான கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்தது. நாங்கள் இப்போது கடந்துவந்துவிட்ட 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக அவர் அன்று எழுதியிருக்கிறார். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஜீனோ என்று ஓர் இயந்திர நாய் வருகிறது. அது பேசும், புத்தகம் வாசிக்கும், மனிதரைவிட நன்றாக யோசிக்கும். அதன் பேச்சுக்குப் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? நிலா என்ற இளம் மனைவி. அவளுடைய கணவன் சிபி காணாமற்போகிறான். அவனைத் தேடிப் புறப்பட்டவள்தான் அந்த ஆட்சியின் பொய்களை ஒவ்வொன்றாகக் காண்கிறாள். அதுவரை சொன்னதைக் கேட்டு வீட்டோடு இருந்தவள் அவள்.

இதைக் கற்பனை என்று எழுதியவருக்கு, எங்கள் நாட்டில் எத்தனை நிலாக்கள் கோவையைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப்போகிறார்கள் என்று தெரிந்திருக்குமா? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மாரும் மனைவிமாரும் அதற்கு முன் பேரணி என்றால் என்ன என்று அறியாதவர்கள்தான். தேடத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் பேசப் பழகினார்கள், மனு எழுதப் பழகினார்கள், கமராவுக்கு முன்னால் நிற்கப் பழகினார்கள். பதில் காணாமலே இறந்துபோன பெற்றோரும் அவர்களுக்குள் உண்டு.

குறை என்று சொன்னால் ஒன்று உண்டு. கதை ஓடுகிற வேகத்தில் நிலாவுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. கணவனைத் தொலைத்தவள் அவ்வளவு வேகமாக ஓடமாட்டாள். அவனுடைய சட்டை கொடியில் தொங்குவதைப் பார்த்தே அரைநாள் போய்விடும். ஆனாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கலாம் என்று சிபாரிசு செய்கிறேன்.

உழைப்பைச் சொல்லும் நாவல்: கரிப்பு மணிகள்

ஆறு நாவல்களில் பெண் எழுதியது இது ஒன்றுதான். ராஜம் கிருஷ்ணன் 1979இல் வெளியிட்டது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் மக்களின் கதை. அவர் எழுதுவதற்கு முன் அந்தந்த மக்களிடம் நேரே போய்ப் பேசிப் பழகித் தகவல் சேர்ப்பவர். மேசையில் இருந்து கற்பனை செய்தவர் அல்ல. அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைப்பது, உப்புநீர் காலைத் தின்பது, குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காதது, பெண்ணுக்குக் குறைந்த கூலி, மேலே நிற்கும் ஆண்களின் தொந்தரவு எல்லாம் இருக்கின்றன. ஆனையிறவிலும் மன்னாரிலும் உப்பளம் பார்த்த சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கதாநாயகி பொன்னாச்சி. அவள் யாருக்காகவும் காத்திருக்க வசதியில்லாதவள். அன்றன்று உழைத்தால்தான் அன்றன்று அடுப்பு எரியும். அதுதான் எனக்கு இந்த நாவலில் பிடித்தது. எங்களில் பலரும் அப்படித்தான். காத்திருப்பது என்றால் திண்ணையில் உட்கார்ந்து வீதியைப் பார்ப்பது என்று ஆண் எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் காத்திருப்பவள் கோழி வளர்க்கிறாள், தையல் தைக்கிறாள், கச்சான் விற்கிறாள், நுண்கடன் கட்டுகிறாள். காத்திருத்தலும் வேலையும் ஒரே உடம்பில்தான் நடக்கின்றன.

சில இடங்களில் நாவல் கொஞ்சம் பிரசங்கம் செய்கிறது. தகவல்கள் கதையை முந்திக்கொண்டு ஓடுகின்றன. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ராஜம் கிருஷ்ணனுடைய நூல்களை அவர் உயிரோடு இருக்கும்போதே 2009இல் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கியது. எத்தனையோ பெண்களின் உழைப்பை எழுதிய அவர் தன் கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழித்து 2014இல் காலமானார். இதையும் தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

எங்கள் மண்ணின் நாவல்: நிலக்கிளி

அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. அவர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். கதை நடப்பது தண்ணிமுறிப்பில். காட்டோரக் கிராமம், குளம், வேட்டை, வயல். கதிராமன் வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாகப் பதஞ்சலியைக் கைப்பிடிக்கிறான். காட்டை வெட்டிப் புதிய வாழ்க்கை தொடங்குகிறார்கள். அந்த ஊருக்குச் சுந்தரம் என்று ஒரு வாத்தியார் வந்துசேர்கிறார். பிறகு நடப்பதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிவிட்டால் சுவை போய்விடும்.

நான் அதை வாசித்தது கதைக்காக மாத்திரம் அல்ல. 1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் தங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்னர் அந்த ஊர் எப்படி இருந்தது, காலையில் என்ன சத்தம் கேட்கும், மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதெல்லாம் இந்தப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. ஓர் ஊரின் உறுதியும் வரைபடமும் தொலைந்துபோகலாம். நாவலுக்குள் போன ஊர் தொலையாது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, "அம்மம்மாவின் ஊர் இப்படித்தான் இருந்தது" என்று வாசித்துக் காட்டுவதற்கு எங்களிடம் உள்ள சில புத்தகங்களில் இது ஒன்று.

ஒரு விடயத்தில் ஆசிரியரோடு எனக்குச் சம்மதம் இல்லை. நிலக்கிளி என்பது நிலத்தில் பொந்துக்குள் வாழும், உயரப் பறக்கத் தெரியாத, இலகுவாகப் பிடிபடும் பறவை. கள்ளங்கபடமற்ற பதஞ்சலிக்கு அவர் அதை உவமையாக்குகிறார். அழகான உவமைதான். ஆனால் வன்னிப் பெண்ணை நான் கண்டது வேறு விதமாக. 2009இன் தொடக்கத்தில் பிள்ளையை இடுப்பிலும் மாமியாரைக் கையிலும் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, அடுத்த நேரக் கஞ்சிக்கும் வழி பார்த்த பெண்கள் அவர்கள். பிடிபடும் பறவைகள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது. பாலமனோகரன் எழுதியது 1973ஆம் ஆண்டுப் பதஞ்சலியை. அவளுடைய மகளையும் பேத்தியையும் யாராவது எழுத வேண்டும். அது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பு நாவல்: அன்னை வயல்

கடைசியாக வைத்தாலும் இதுதான் என்னை அதிகம் பாதித்தது. கிர்கிஸ் நாட்டு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய சிறிய நாவல். 1963இல் வெளிவந்தது. சோவியத் காலத்தில் மலிவு விலையில் கிடைத்த தமிழ் மொழிபெயர்ப்புகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தடித்த அட்டை, நல்ல கடதாசி. அந்த வரிசையில் தமிழுக்கு வந்த எழுத்தாளர்களில் இவரும் ஒருவர்.

தொல்கொனாய் என்ற வயோதிபத் தாய் தன் வயலிடம் பேசுகிறாள். இதுதான் நாவல். இரண்டாம் உலக யுத்தத்துக்கு அவளுடைய கணவனும் மூன்று மகன்மாரும் போகிறார்கள். ஒருவரும் திரும்பவில்லை. கணவனும் மூத்த மகனும் இறந்த செய்தி ஒன்றாக வருகிறது. மாமியாரும் மருமகளும் ஒரே நாளில் விதவைகள் ஆகிறார்கள். நடு மகன் போகும் புகையிரதம் தங்கள் பக்கத்து நிலையத்தால் வருகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பெண்களும் போய்க் காத்து நிற்கிறார்கள். புகையிரதம் நிற்காமலே போகிறது. மகன் கத்துகிறான், தொப்பியை எறிகிறான். தாய் தண்டவாளத்தோரம் ஓடுகிறாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த சந்திப்பு. கடைசி மகன் காணாமற்போனவன். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் தொல்கொனாய் கிராமத்தின் வயல்வேலைக்குப் பொறுப்பாக நிற்கிறாள். பசியில் கிடக்கும் வீடுகளில் மிச்சமிருக்கும் தானியத்தை விதைக்கென்று கேட்டு வாங்குகிறாள். அதையும் ஒருவன் திருடிக்கொண்டு போகிறான். மறுபடி எழும்புகிறாள்.

நான் உங்களிடம் பேச விரும்புவது மருமகள் அலிமானைப் பற்றி. இளம் பெண், பிள்ளை இல்லை. மாமியாரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவள் மறுபடி ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. ஆனால் அதை வாய்திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால், தன்னை விரட்டுகிறாள் என்று மருமகள் நினைத்துவிடுவாளோ என்ற பயம். மருமகளும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பக்கம் வந்த இடையன் ஒருவனோடு அலிமானுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. அவன் போய்விடுகிறான். அவள் கர்ப்பமாகிறாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பொட்டு வைத்தாலே கதைப்பார்கள். பஸ்ஸில் யாரோடு பேசினாள், கைத்தொலைபேசியில் யாரோடு சிரித்தாள் என்று கணக்கு வைப்பார்கள். தொல்கொனாய் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. மகனின் மானம் என்று பேசவில்லை. அலிமானுக்கு வலி கண்டபோது, குளிரில் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறாள். அலிமான் பிரசவத்தில் இறந்துபோகிறாள். பிறந்த ஆண்குழந்தையைத் தன் பேரனாகவே வளர்க்கிறாள். தன் இரத்தம் இல்லாத பேரன். அவனுக்கு உண்மையை எப்படிச் சொல்வது என்றுதான் வயலிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஐத்மாத்தவுடன் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அலிமான் ஏன் சாகவேண்டும்? ஆண் எழுத்தாளர்கள் பலர், ஊர் போட்ட கோட்டைத் தாண்டிய பெண்ணின்மேல் எவ்வளவு இரக்கம் வைத்தாலும் கடைசியில் அவளைச் சாகடித்துவிடுகிறார்கள். அவள் உயிரோடு இருந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்து வீதியில் நடந்து போயிருந்தால், அந்த மாமியார் அவளோடு கூட நடந்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். அந்தக் கதையை வாசிக்கத்தான் எனக்கு ஆசை.

இன்னொன்றும் தோன்றியது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால்தான் பேசாமல் இருந்தார்கள். "மகளே, நீ இன்னும் இளம் பிள்ளை. உனக்கு விருப்பம் என்றால் ஒரு நல்லவனைப் பார். நான் உன் பக்கம்தான்" என்று ஒரு நாள் சொல்லியிருந்தால்? எங்கள் வீடுகளிலும் இந்தப் பேச்சு பேசப்படாமல் கிடக்கிறது. இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. காணாமற்போனவருக்கு அதுவும் இல்லை. மனைவி தாலியைக் கழற்றினாலும் குற்றம், கழற்றாமல் இருந்தாலும் கேள்வி. மாமியாருக்கு மகன் வருவான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைக்க மருமகளுக்கு மனம் வராது. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆளுக்காக, ஒருவரோடு ஒருவர் பேசாமல் காத்திருக்கிறார்கள். காத்திருப்பது அவரவர் உரிமை. இனிமேல் காத்திருக்கவில்லை என்று முடிவெடுப்பதும் அவரவர் உரிமைதான். இரண்டில் எதைச் செய்தாலும் அவளுக்குப் பக்கத்தில் நிற்பது மற்றப் பெண்களின் கடமை என்று இந்த நாவலை மூடும்போது நினைத்துக்கொண்டேன்.

ஐத்மாத்தவின் சொந்தக் கதையையும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் தொரெகுல் 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் கைதுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. தாயார் நகிமா தனியே நின்று நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். 'அன்னை வயல்' நாவலை, எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாத அந்தத் தகப்பனுக்கும், வளர்த்து ஆளாக்கிய அந்தத் தாய்க்கும்தான் அவர் சமர்ப்பணம் செய்திருக்கிறார். தாயார் 1971இல் காலமானார். கிர்கிஸ் நாட்டில் சொங்-தாஷ் என்ற இடத்தில் ஒரு புதைகுழி திறக்கப்பட்டு, தொரெகுலின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டது 1991இல்தான். ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து. மகனுக்குப் பதில் கிடைத்தது. மனைவி அதைக் காணாமலே போய்விட்டார்.

இந்தச் செய்தியை அறிந்த பிறகு நாவலின் ஒவ்வொரு வரியும் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. பதில் கிடைத்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பதில் கிடைப்பதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன்பே எழுதிவிட்டார்.

புத்தகம் கிடைக்கும் வழிகள்

உங்கள் பிரதேச சபை நூல்நிலையத்தில் அங்கத்தவராகச் சேருங்கள். பிள்ளைகளின் பெயரிலும் சேரலாம். ஈழத்து எழுத்தாளர்களின் பழைய நூல்கள் பல, 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளையிடம் சொன்னால் கைத்தொலைபேசியில் எடுத்துத் தருவார்.

கண் தெரியவில்லை, எழுத்துக் கூட்ட வராது என்று ஒதுங்க வேண்டாம். தையல் நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்கலாம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். 'அன்னை வயல்' சிறிய புத்தகம், சில நாட்களில் முடிந்துவிடும். மாமியாரும் மருமகளும் உள்ள வீடு என்றால் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அலிமானைப் பற்றிய பகுதி முடிந்ததும் அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிட்டு, தேநீர் ஊற்றிக் குடித்தபடி கொஞ்சம் கதையுங்கள்.

அலிமானுக்கு நீங்கள் எழுதும் முடிவு என்ன? ஒரு பக்கத்துக்குள் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் ஊரை மட்டும் போட்டால் போதும். வந்தவற்றை அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் சேர்ந்து வாசிப்போம்.